இரண்டு மனுக்களும் ஓர் அம்மை ஷெட்டும்

போன புதன்கிழமை காலை. நகராட்சி பியூன் சைக்கிளை எங்கள் வீட்டு வேலியில் சாய்த்துவிட்டு ஒரு பழுப்பு கவரை நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து போடு சார்."

நகராட்சியிலிருந்து கவர் வந்தால் வரி பாக்கியாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பயந்துகொண்டே பிரித்தேன். ஒரு தீர்மானத்தின் நகல். நாலே வரி. ஏரிக்கரை ரோட்டுக் கட்டடத்தை இப்போது வைத்திருப்பவர்களே மேலும் மூன்று வருஷங்களுக்கு வைத்துக்கொள்ள மன்றம் ஒருமனதாகச் சம்மதிக்கிறது... அவ்வளவுதான்.

மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

"ஒருமனதாவா? நம்ம கவுன்சிலர்களா?" என்றாள்.

நியாயமான சந்தேகம். எங்கள் செங்கல்பட்டில் தெருவிளக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கே மூன்று கட்சி உண்டு. ஆனால் இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். ஏன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அதில் என் பங்கு கொஞ்சம் அசடு வழிகிற பங்குதான் — பரவாயில்லை, வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் அசட்டுத்தனம் புதிதா என்ன?

போன வருஷம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் மனு எழுதித் தரச்சொல்லி வந்தார்கள்.

முதலில் வந்தவர் நூர்ஜஹான் அக்கா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாக்குக் கடை வைத்திருக்கிற பாயின் மனைவி. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டி, வேகமான நடை. கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் இருபது, இருபத்தைந்து குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய குழந்தைகள்? கடற்கரைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் மீன் கூடையோடு வருகிறார்களே, அந்தப் பெண்களின் குழந்தைகள். சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, மாமல்லபுரம்... கூடை தலையில், குழந்தை இடுப்பில். தெருத்தெருவாகப் போய் விற்கும்போது இடுப்புக் குழந்தையாவது கூடவே இருக்கும். நடக்கத் தெரிந்தது? பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். வேறு என்ன செய்வார்கள்?

ஒருநாள் அக்கா கடையிலிருந்து பார்த்திருக்கிறார். நிற்கிற பஸ்ஸுக்கு அடியில், பின் சக்கரத்தை ஒட்டி, ஒரு பெண் குழந்தை சுருண்டு தூங்குகிறது. பஸ் ஸ்டாண்டில் வேறு நிழல் ஏது? டிரைவர் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பிவிட்டார். அக்கா ஓடினார். செருப்பு ஒரு பக்கம், துப்பட்டி ஒரு பக்கம். குழந்தையின் காலைப் பிடித்து வெளியே இழுத்தபோது அது விழித்துக்கொண்டு, தூக்கத்தைக் கெடுத்ததற்காக அவர் கையைக் கடித்ததாம்!

அந்தக் கடியிலிருந்து ஆரம்பித்ததுதான் காப்பகம். 'குழந்தைகள் நலச் சங்கம்' என்று பதிவெல்லாம் செய்திருந்தார்கள். மீன்காரப் பெண்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. 'புள்ள வூடு' என்பார்கள்.

"தம்பி, கிடங்குக்காரரு இடிச்சிட்டு லாட்ஜு கட்டப்போறாராம். மாசக் கடைசில காலி பண்ணணும். முனிசிபால்டி ஒரு சின்ன கட்டடம் கட்டிக் குடுத்தா போதும். நீங்கதான் பத்திரிகையில எழுதறீங்களே, ஒரு மனு எழுதித் தாங்களேன்" என்றார் அக்கா.

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். கடைசியில், 'இதைவிட அவசரமான தேவை நம் ஊரில் வேறெதுவும் இல்லை' என்று அழுத்திப் போட்டேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

இரண்டு நாள் கழித்து மாணிக்கம் வந்தார். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. ஆனால் ஊருக்கு அவர் பயில்வான். தேகப் பயிற்சிக் கழகத்தின் தலைவர், செயலாளர், வாத்தியார், எல்லாம் அவரே. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்காரமாட்டார். உடைந்துவிடும் என்று அவருக்கே பயம்.

கழகமும் காசு வாங்காத சங்கம்தான். தேர்த் திருவிழாவில் கயிறு பிடிப்பதிலிருந்து, மழை வெள்ளத்தில் கிழவர்களைத் தூக்கி வருவது வரைக்கும் அந்த ஆட்கள் இல்லாமல் ஊரில் ஒன்றும் நடக்காது. அவர்களுடைய கீற்றுக் கொட்டகை ஐப்பசி மழையில் விழுந்துவிட்டது. இடத்துக்காரர் மறுபடியும் போட விடவில்லை.

"கர்லாக்கட்டை, தம்பிள்ஸ் அல்லாம் என் வூட்லதான் சார் கீது. என் சம்சாரம் தெனம் கால் வெரல்ல இடிச்சிக்கினு கத்துது. ஒரே பேஜாரு! முனிசிபால்டில ஒரு ஷெட்டு கேக்கணும். கதை எழுதறவருக்கு மனு இன்னா பெரிய விஷயமா?"

அந்த மனிதரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு மனசும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. அதையும் எழுதினேன். அதுவும் உருக்கமாகத்தான் வந்தது.

அடுத்த வாரம் சேர்மன் அழைப்பதாக ஆள் வந்தது. போனால், அவர் அறையில் ஒரு பெஞ்சில் அக்கா, எதிர்ப் பெஞ்சில் மாணிக்கம். சேர்மன் நல்ல மனிதர், நல்ல வாசகரும்கூட. அதுதான் வம்பு. இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"சார், ரெண்டுமே உங்க கையெழுத்து. அது போகட்டும். ரெண்டுலயும், 'இதைவிட அவசரமான தேவை நம் ஊரில் வேறெதுவும் இல்லை'ன்னு எழுதிகீறீங்களே... எது நெஜம்?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை. வேறு பார்க்க எதுவும் கிடைக்கவில்லை.

நல்லவேளை, மாணிக்கம் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவும் துப்பட்டிக்குள் சிரித்தார். சேர்மன் மட்டும் சிரிக்காமல் சொன்னார்:

"ரெண்டுமே நெஜந்தான், எனக்குத் தெரியும். ஆனா புதுக் கட்டடத்துக்கு நகராட்சியில வழியில்ல. மழையில போன கல்வெர்ட்டையே இன்னும் எடுத்துக் கட்டல. ஒண்ணே ஒண்ணு செய்யலாம். ஏரிக்கரை ரோட்டுல அம்மை ஷெட்டு சும்மாதான் கீது. ஓடு மாத்தி, சுண்ணாம்பு அடிக்க மன்றத்துல கேட்டு வாங்கித் தரேன். யாருக்கு வேணும்?"

அம்மை ஷெட்டா!

சின்ன வயசு வாசகர்களுக்கு இது விளங்காது. பெரியம்மை என்ற ஒன்று இருந்தது. இப்போது நம் பக்கத்தில் இல்லை — தடுப்பு ஊசிக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி விரட்டிவிட்டார்கள். ஆனால் அது ஊருக்குள் வந்த காலத்தில், நோய் கண்டவர்களை நகராட்சி வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஏரிக்கரை ரோட்டில் ஒரு நீளமான ஓட்டு ஷெட்டில் கொண்டுபோய்ப் போடுவார்கள். கேட்டுக்கு அப்பால் சொந்தக்காரர்கள் போகக் கூடாது. வண்டியில் போனவர்களில் எத்தனை பேர் நடந்து திரும்பினார்கள் என்று கேட்காதீர்கள். பல வருஷமாக அந்த ஷெட் பூட்டியே கிடந்தது. அந்த வழியாகப் போகிறவர்கள் ரோட்டின் மறு ஓரமாகத்தான் போவார்கள். படித்தவன், பகுத்தறிவாளன் என்றெல்லாம் பெயர் வாங்கியிருக்கும் அடியேன் உள்பட.

மாணிக்கம் எழுந்துவிட்டார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"அந்த எடம் வோணாம் சார். மரத்தடி போதும் எங்களுக்கு." யாரையும் பார்க்காமல் வெளியே போனார். நூறு கிலோ மூட்டையைத் தூக்குகிற ஆள் இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் வேடிக்கையாகக்கூட இருந்தது. என்ன பெரிய அறிவாளி நான்!

அக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். சேர்மனைப் பார்த்துக் கேட்டார்:

"சாவி யாருகிட்ட இருக்கு?"

அவ்வளவுதான். பதினைந்து நாளில் ஓடு மாற்றினார்கள். சுவர் வெள்ளையானது. நகராட்சி சொன்னதைச் செய்தது. மாதக் கடைசியில் கிடங்கைக் காலி செய்து, பாயும் அக்காவும் கோரைப்பாய், தலையணை, தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிப் போனார்கள். திங்கட்கிழமை காலை இருபத்தைந்து குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சி வைத்துக்கொண்டு அக்கா காத்திருந்தார்.

ஒரு குழந்தைகூட வரவில்லை.

செவ்வாய்? வரவில்லை. புதன்? வரவில்லை. காய்ச்சிய கஞ்சியைப் பாய் எடுத்துப்போய்க் கூட்ஸ் ஷெட் கூலிகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை நான் மெட்ராஸ் போகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கல்பாக்கம் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில் நாலு குழந்தைகள். ஒன்று சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது. என் இரண்டு பக்க மனு, அந்த உருக்கம், அந்தக் கண்ணீர்... எல்லாம் என்ன பிரயோஜனம்? குழந்தைகள் பழைய இடத்துக்கே வந்துவிட்டன.

குழந்தைகளை எழுப்பி ஓரமாக உட்கார வைத்தேன். நான் திரும்பியதும் அவை மறுபடி நிழலுக்கு வந்தன. அந்தப் பஸ் கிளம்பினால் அடுத்த பஸ். மெட்ராஸ் போகவில்லை. நேரே ஏரிக்கரை ரோட்டுக்கு நடந்தேன். போய் என்ன செய்வது என்று தெரியாது. போக வேண்டும்போல் இருந்தது.

அங்கே கேட்டுக்கு வெளியே, ரோட்டின் மறு ஓரத்தில், ஒரு மைல்கல் மேல் மாணிக்கம் உட்கார்ந்திருந்தார்.

"இங்கே என்ன மாணிக்கம்?"

"சும்மா சார். அக்கா ஒண்டியா கீதே. அதான் தெனம் வந்து குந்திகினு கீறேன்."

"உள்ளே போகலாமே?"

தலையை ஆட்டினார். மாட்டேன் என்று.

அப்போதுதான் தேசம்மா வந்தாள். அக்கா பஸ்ஸுக்கு அடியிலிருந்து இழுத்துக் காப்பாற்றினாரே, அந்தக் குழந்தையின் தாய். தலையில் கூடை, இடுப்பில் அதே பெண். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு குரல் கொடுத்தாள்.

"பாயம்மா!"

அக்கா வெளியே வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தேசம்மா. நானும் மாணிக்கமும் ரோட்டில்.

"இன்னிக்கி டிரைவரு என் புள்ளய முதுகுல அடிச்சிட்டாரு பாயம்மா. அவர் மேல தப்பில்ல, சக்கரத்தாண்ட குந்தியிருந்தா அடிக்காம இன்னா பண்ணுவாரு? உன்கிட்ட வுடணும்னுதான் ஆசையா கீது. ஆனா இது அம்மை வாத்தவங்க கெடந்த வூடு. எத்தினி உசிரு போன எடம். இங்க எப்படி என் புள்ளய வுடறது? நீயே சொல்லு."

அக்கா துப்பட்டியைத் தலையிலிருந்து தோளுக்குத் தள்ளினார். அவர் முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. இதை இவ்வளவு நேரம் நான் சொல்லவில்லையே என்றால், எனக்கே அது தோன்றவில்லை. எங்கள் ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய முகங்களில் தழும்பு இல்லாததை எண்ணிவிடலாம். பார்த்துப் பார்த்துப் பழகிப்போனது.

"நல்லா பாரு தேசம்மா. ஒம்போது வயசுல என்னை இந்த ஷெட்டுலதான் கொண்டாந்து போட்டாங்க. என்னப் பெத்த அத்தா கேட்டு வரைக்கும் வண்டி பின்னாலயே அழுதுகினு ஓடியாந்தாரு. உள்ள வுடல. இருபத்திரெண்டு நாளு இங்க கெடந்தேன். பொழச்சி நடந்து போனேன். இப்ப நாலு புள்ள பெத்து, ரெண்டு பேரன் எடுத்துட்டேன். உன் புள்ள கையில ஊசி போட்ட தழும்பு கீதில்ல? அது கீற வரைக்கும் அந்த நோவு இனிமே வராது. சீக்கு போயிடுச்சி. எடம் இன்னா பண்ணும்?"

தேசம்மா குழந்தையின் கையைத் தூக்கி அந்தத் தழும்பைப் பார்த்தாள்.

நான் திரும்பினால் பக்கத்தில் மாணிக்கம் இல்லை. ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்த வருசம் அக்கா அது?"

"வருசம் எனக்கு இன்னா தெரியும் தம்பி? ஏரி ஒடஞ்சி ரயிலு நின்னு போச்சே, அதுக்கு அடுத்த கோடை."

"அப்பதான் என் தம்பியும்..." பெரிய உடம்பு. குரல் மட்டும் சின்னப் பையனுடையதாக இருந்தது. "கோதண்டம்னு பேரு. அஞ்சு வயசு. காதுல செவப்புக் கல்லு கடுக்கன் போட்டிருப்பான். நாலு நாளு நான் இந்தக் கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன். அஞ்சாவது நாளு வாட்சுமேனு வூட்டுக்குப் போடான்னுட்டாரு. நீ... நீ அவனைப் பாத்தியா அக்கா?"

அக்கா கண்ணை மூடி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"இல்ல தம்பி. எனக்கு ஞாபகம் இல்ல. கண்ணு ரெண்டும் ஒட்டிப்போய்க் கெடந்தேன். பொய் சொல்லக் கூடாது."

நானாக இருந்தால், 'பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தான்' என்று சொல்லியிருப்பேன். கதை எழுதுகிறவன் புத்தி!

"ஆனா ஒண்ணு தெரியும்" என்றார் அக்கா. "இங்க ஒரு ஆயா இருந்துச்சி. அதுக்கும் மூஞ்சி பூரா தழும்பு. ஒரு தபா வந்து போனவங்களுக்குத் திரும்ப வராதுன்னு அதை வேலைக்கு வெச்சிருந்தாங்க. வேப்பலையால விசிறிகினே இருக்கும். எந்தப் புள்ள அழுதாலும் ஓடிப்போய்ப் பக்கத்துல குந்திக்கும். மடியில தலையை எடுத்து வெச்சிக்கும். எனக்குக் கண்ணு தெரியல, ஆனா அது வளையல் சத்தம் கேட்டுகினே இருக்கும். ஒரு புள்ளைய கூட அது தனியா வுடல தம்பி. உன் தம்பி தனியா இல்ல."

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. தேசம்மாவின் குழந்தை கூடையிலிருந்த மீனை எட்டி எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாணிக்கம் செருப்பைக் கழற்றினார். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நாங்களும் பின்னால் போனோம். "புள்ளைங்கள எந்தப் பக்கம் போட்டிருந்தாங்க?" என்று கேட்டார். அக்கா கிழக்குக் கோடியைக் காட்டினார். அங்கே போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரம்? தெரியவில்லை. அவர் முதுகு குலுங்குவதைப் பார்க்காத மாதிரி நாங்கள் மூவரும் வேறு எங்கேயோ பார்த்தோம்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா வேல செஞ்சிகீறான், கொத்தனாரு? இந்த ஓட்டுக்கு முட்டே குடுக்கல. புள்ளைங்க தலைல வுழுந்தா? நாளைக்கிப் பசங்கள இட்டாறேன்."

தேசம்மா குழந்தையை இறக்கிவிட்டாள். "ரெண்டு மணி பஸ்ஸுக்குள்ள வந்துடறேன் பாயம்மா." கேட்டுக்குப் போவதற்குள் நாலு தடவை திரும்பிப் பார்த்தாள். குழந்தை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கஞ்சிப் பானையைப் பார்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மூன்று குழந்தைகள். திங்கட்கிழமை பதினொன்று. மீன்காரப் பெண்களிடம் தேசம்மா என்ன சொன்னாளோ, யார் கண்டது? அடுத்த மாதம் திருவிடந்தையிலிருந்துகூட ஒருத்தி வந்து விசாரித்தாள்.

கழகம்? ஷெட்டின் பின்புறம் முற்றம் இருக்கிறதே! விடிந்து முதல் பஸ் வரும்வரை அது பயில்வான்களுக்கு. குழந்தைகள் போன பிறகு சாயங்காலமும் அவர்களுக்கு. நடுவில் அது குழந்தைகளுக்கு. தம்பிள்ஸை எல்லாம் பூட்டி வைக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். மீறினால் பயில்வான்களுக்குத் திட்டு விழும். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள். மாணிக்கம் கூட்ஸ் ஷெட்டில் வேலை இல்லாத மத்தியானங்களில் வந்து கிழக்குக் கோடியில் காலை நீட்டி உட்காருவார். குழந்தைகள் அவர் மேல் ஏறி விளையாடும். மலையேறுகிற மாதிரி.

ஒரு கவுன்சிலர் இதை வந்து பார்த்தார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லாரும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறாமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும் காரணம் என் மனு என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு மனுக்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன். கேட்ட கட்டடத்தின் நீளம் இருந்தது, அகலம் இருந்தது, உறுப்பினர் எண்ணிக்கை இருந்தது. ஒன்பது வயதுப் பெண் இல்லை. கேட்டில் நின்ற பையன் இல்லை. சங்கம், கழகம் என்று எழுதிவிட்டால் அதற்குள் மனிதர்கள் இருப்பது எழுதுகிறவனுக்கே மறந்துபோகிறது... எனக்கு மறந்துபோயிற்று.

தீர்மான நகலை எடுத்துக்கொண்டு புதன்கிழமை மத்தியானமே ஏரிக்கரை ரோட்டுக்குப் போனேன். ரெண்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தாய்மார்கள் காலிக் கூடைகளோடு கேட்டில் காத்திருந்தார்கள். உள்ளே ஒரே அழுகைச் சத்தம். பதறிப்போய் ஓடினேன்.

ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம்!